திறந்தமூலக் கம்பைலரில் பங்களிக்கத் தொடங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிரல் எழுதத் தெரியும், கிட் தெரியும், தினமும் பயன்படுத்தும் கம்பைலருக்கு நாமும் ஏதாவது செய்யலாமே என்ற ஆசையும் இருக்கிறது. ஆனால் எங்கே கை வைப்பது என்றுதான் தெரியவில்லை. இப்படி இருப்பவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம். எல்எல்விஎம் (அதன் சி, சி++ கம்பைலரான கிளாங்கும் சேர்த்து), ஜிசிசி, ரஸ்ட், கோ ஆகிய நான்கு திட்டங்களை வைத்துப் பேசுகிறேன். மற்ற கம்பைலர்களிலும் வேலை ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பைலருக்குள் நுழைய நல்ல வழி, அது தவறாகக் கையாளும் ஒரு சின்ன நிரலைக் கையில் வைத்துக்கொண்டு போவதுதான். கீழே உள்ள பதில்களில் பல இதைப் பற்றியவை.

கம்பைலர் பாடம் முழுக்கப் படித்துவிட்டுத்தான் வர வேண்டுமா?

வேண்டாம். பாடத்திட்டங்களில், நிரலின் இலக்கண அமைப்பைப் பிரித்தறியும் பார்சிங் கோட்பாட்டுக்கே நிறைய நேரம் போய்விடும். நடைமுறையில் கிளாங்கும் ஜிசிசியும் சி, சி++ இரண்டுக்கும் கையால் எழுதிய பார்சரைத்தான் வைத்திருக்கின்றன. ஜிசிசி ஒரு காலத்தில் பைசன் கருவி உருவாக்கித் தந்த பார்சரைப் பயன்படுத்தியது. சி++ மொழிக்கு 2004இல் வந்த 3.4 பதிப்பிலும், சி மொழிக்கு 2006இல் வந்த 4.1 பதிப்பிலும் அதைக் கைவிட்டார்கள். இன்று திறந்து பார்த்தால், 'இஃப்' வந்தால் இந்த ஃபங்ஷனை அழை, 'வைல்' வந்தால் அந்த ஃபங்ஷனை அழை என்று போகும் சாதாரண நிரல்தான் இருக்கும்.

உங்களுக்குத் தெரிய வேண்டியவை மூன்று: கம்பைலர் எழுதப்பட்டிருக்கும் மொழி, டீபக்கரைப் பயன்படுத்தும் முறை, பிறர் எழுதிய நிரலைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கம். மூன்றாவதுதான் பலரிடம் குறைவாக இருக்கிறது. கோட்பாடு உண்மையிலேயே தேவைப்படும் இடங்களும் உண்டு. மாறிகளுக்கு புராசசரின் ரிஜிஸ்டர்களைப் பங்கிடும் ரிஜிஸ்டர் ஒதுக்கீடு, எழுதாத டைப்பைக் கண்டுபிடிக்கும் டைப் இன்ஃபரன்ஸ், இரண்டு பாயின்டர்கள் ஒரே நினைவிடத்தைச் சுட்டுகின்றனவா என்று பார்க்கும் அலையஸ் ஆய்வு ஆகியவற்றில் ஆழம் தெரியாமல் காலை விட முடியாது. அங்கே போக வேண்டி வரும்போது படித்துக்கொள்ளலாம். கையில் ஒரு வேலையை வைத்துக்கொண்டு படித்தால் மனதில் நிற்கும்.

எந்தக் கம்பைலரைத் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் தினமும் பயன்படுத்துவதை. அதன் குறைகள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். எந்தப் பிழைச்செய்தி குழப்புகிறது, எங்கே அது தேவையில்லாமல் எச்சரிக்கிறது என்பதெல்லாம் அனுபவத்தில் பதிந்திருக்கும். புகழைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அந்த அனுபவம் உதவாமல் போய்விடும்.

அடுத்து மொழியைப் பாருங்கள். எல்எல்விஎம் சி++ மொழியில் இருக்கிறது. ஜிசிசி 1987இல் சி மொழியில் எழுதி வெளியிடப்பட்டது, 4.8 பதிப்பிலிருந்து அதை பில்ட் செய்யவே சி++ கம்பைலர் வேண்டும். ஆனாலும் அதன் நடையில் பழைய சியின் வாடை நிறையவே இருக்கும். ரஸ்ட் கம்பைலர் முதலில் ஓகேமல் மொழியில் இருந்தது, 2011இல் ரஸ்ட்டாலேயே தன்னைக் கம்பைல் செய்துகொள்ள ஆரம்பித்தது. கோ கம்பைலர் 2015இல் வந்த 1.5 பதிப்பில் சியிலிருந்து கோவுக்கு மாறியது.

புதியவர்களை வரவேற்பதில் ரஸ்ட் திட்டம் எடுத்துக்கொள்ளும் அக்கறை அதிகம் என்பது என் கருத்து. கம்பைலருக்குப் பங்களிப்பவர்களுக்கென்றே ஒரு முழு நீளக் கையேட்டை எழுதிப் பராமரிக்கிறார்கள். எல்எல்விஎம்மில் வேலைப் பரப்பு பெரியது: கிளாங், லிங்கர், டீபக்கர், எம்எல்ஐஆர் (புதிய இடைநிலை வடிவங்களை உருவாக்க உதவும் கட்டமைப்பு) என்று எந்தப் பக்கம் ஆர்வம் இருந்தாலும் இடம் உண்டு. ஜிசிசியில் நுழைய கொஞ்சம் கூடுதல் பொறுமை வேண்டும். ஆனால் அங்கே பல வருட அனுபவம் உள்ளவர்களே உங்கள் பேட்ச்சை (நீங்கள் அனுப்பும் நிரல் மாற்றத்தை) படிப்பார்கள், அந்தக் கல்வி வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

என் கணினியில் பில்ட் ஆகுமா?

ஆகும், ஆனால் அமைப்புகளைக் கவனிக்க வேண்டும். முதல் நாளே பலர் விலகிப் போவது இந்த இடத்தில்தான்.

எல்எல்விஎம்மில் எதையும் மாற்றாமல் முழு டீபக் பில்ட் போட்டால் பல பத்து ஜிபி வட்டு இடம் போகும். அதைவிடப் பெரிய தலைவலி, கம்பைல் ஆன கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்க் கட்டம். நாலைந்து லிங்க் வேலைகள் ஒரே நேரத்தில் ஓடினால் ராம் நிரம்பி கணினி உறைந்துவிடும். இதைத் தவிர்க்க, பில்ட் வகையை ரிலீஸ் என்று வைத்து, அசெர்ஷன்களை (நிரலுக்குள்ளேயே எழுதி வைத்த சரிபார்ப்புகளை) மட்டும் இயக்கிவிடுங்கள். அசெர்ஷன் இல்லாத பில்டில் வேலை செய்யவே செய்யாதீர்கள், உள்ளே நடக்கும் தப்புகள் வெளியே தெரியாது. அப்புறம், தேவையான திட்டங்களையும் உங்கள் புராசசர் வகையையும் மட்டும் தேர்ந்தெடுங்கள். எல்லா புராசசர்களுக்கும் குறியீடு உருவாக்கும் பகுதிகளை பில்ட் செய்வது நேர விரயம். ஒரே நேரத்தில் ஓடும் லிங்க் வேலைகளின் எண்ணிக்கையை ஒன்று அல்லது இரண்டு என்று குறைக்கத் தனி அமைப்பு இருக்கிறது. லிங்கராக எல்எல்விஎம்மின் எல்எல்டியைப் போட்டு, முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்து வைக்கும் சிகேஷையும் சேர்த்துக்கொண்டால் இரண்டாவது பில்டிலிருந்து வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

ஜிசிசி தன்னை மூன்று கட்டமாகக் கட்டிக்கொள்கிறது. கணினியில் உள்ள கம்பைலர் முதல் கட்ட ஜிசிசியை உருவாக்கும், அது இரண்டாவதை, இரண்டாவது மூன்றாவதை. இரண்டாம், மூன்றாம் கட்டங்களின் ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் பில்ட் நின்றுவிடும். அருமையான சோதனைதான், ஆனால் நேரம் எடுக்கும். அன்றாட வேலைக்கு இந்த பூட்ஸ்ட்ராப்பை அணைத்து வைத்துக்கொண்டு, பேட்ச் அனுப்பும் முன் மட்டும் முழுதாக ஓட்டுங்கள்.

ரஸ்ட்டில் 'எக்ஸ்' என்ற ஒரே கருவி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. அதன் செட்அப் கட்டளையில் கம்பைலர் வேலை என்று தேர்ந்தெடுத்தால் பொருத்தமான அமைப்புகளை அதுவே எழுதும். ரஸ்ட் உள்ளே பயன்படுத்தும் எல்எல்விஎம் பகுதியை நீங்கள் கட்ட வேண்டியதில்லை, ஏற்கெனவே கட்டியதைப் பதிவிறக்கிக்கொள்ளும். வேலைக்கு நடுவே முழு பில்ட் வேண்டாம், செக் கட்டளையே போதும்.

கோ இதில் எல்லாவற்றையும் விட எளிது. சாதாரண மடிக்கணினியிலேயே கம்பைலர் முழுவதும் சில நிமிடங்களில் கட்டிவிடும்.

பல லட்சம் வரிகள் இருக்கின்றன. எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

முதல் கோப்பிலிருந்து வரிசையாகப் படிக்க நினைத்தால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு பிழைச்செய்தியை நூல் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள்.

கிளாங்கில் அறிவிக்காத மாறியைப் பயன்படுத்தினால் 'யூஸ் ஆஃப் அன்டிக்ளேர்ட் ஐடென்டிஃபையர்' என்று திட்டும். அந்த வாசகத்தை அப்படியே மூலநிரலில் தேடுங்கள். டயக்னாஸ்டிக் செய்திகளுக்கென்றே இருக்கும் டேபிள்ஜென் (எல்எல்விஎம்மின் சொந்த விவரிப்பு மொழி) கோப்பு ஒன்றில் அது கிடைக்கும். மாறியின் பெயர் வர வேண்டிய இடத்தில் %0 என்று போட்டிருக்கும். அந்தச் செய்திக்கு 'எர்_அன்டிக்ளேர்ட்_வார்_யூஸ்' என்ற உள்பெயர் இருக்கும். இப்போது அந்த உள்பெயரைத் தேடுங்கள். செமா என்ற பகுதிக்குள் போய் நிற்பீர்கள். பெயர்களுக்குப் பொருள் கண்டுபிடிக்கும் வேலை நடப்பது அங்கேதான். அந்த வரியில் டீபக்கரை நிறுத்திவைத்து, இரண்டு வரி சி நிரல் ஒன்றைக் கம்பைல் செய்து, அழைப்புப் பட்டியலைக் கேளுங்கள். மெயின் ஃபங்ஷனில் தொடங்கி, பார்சர் வழியாக, செமா வரை கம்பைலர் நடந்து வந்த பாதை முழுக்கத் திரையில் வந்துவிடும். எந்த வரைபடமும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

இன்னொரு வழி, ஒரு சின்ன நிரலின் உருமாற்றங்களைப் பார்ப்பது. ஒவ்வொரு கம்பைலரும் தன் இடைநிலை வடிவங்களை வெளியே கொட்டிக் காட்டும். கிளாங்கில் மர வடிவமும் எல்எல்விஎம் ஐஆரும், ஜிசிசியில் ஜிம்பிள், ஆர்டிஎல் என்ற இரு வடிவங்களும், ரஸ்ட்டில் எச்ஐஆர், எம்ஐஆர் என்பவையும் உண்டு. ஒரே ஒரு ஃபார் லூப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஆப்டிமைசேஷன் கட்டத்துக்குப் பிறகும் அது என்ன ஆகிறது என்று பாருங்கள்.

முதல் வேலையாக எதை எடுப்பது?

பிழைச்செய்தி திருத்தங்கள். தயக்கமில்லாமல் இதைத்தான் சொல்வேன். மாற்றம் சிறியதாக இருக்கும், விளைவு உடனே கண்ணுக்குத் தெரியும், தப்பாகப் போனாலும் உருவாகும் இயந்திரக் குறியீடு கெடாது. குழப்பமான ஒரு செய்தியைத் தெளிவாக்கினால் அந்த மொழியைப் புதிதாகக் கற்பவர் ஒவ்வொருவருக்கும் அது உதவும்.

எல்எல்விஎம்மில் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்ற லேபிளும், ரஸ்ட்டில் 'ஈ-ஈசி', 'ஈ-மென்டார்' என்ற லேபிள்களும் இருக்கின்றன. மென்டார் என்று இருந்தால், எந்தக் கோப்பில் எதை மாற்ற வேண்டும் என்று யாராவது வழிகாட்டுவார்கள். ஜிசிசியின் பிழைப்பதிவுத் தளமான பக்ஸில்லாவில் 'ஈசிஹாக்' என்ற குறிச்சொல்லைத் தேடலாம்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. நூறு கோப்புகளில் எழுத்துப்பிழை திருத்தும் பேட்ச் வேண்டாம். இடைவெளிகளையும் வரி அமைப்பையும் மட்டும் மாற்றும் பேட்ச்சும் வேண்டாம். இரண்டும் ரிவ்யூ செய்பவரின் நேரத்தைத் தின்னும், வரலாற்றில் யார் எதை ஏன் மாற்றினார் என்று தேடுவதையும் கடினமாக்கும்.

எளிய இஷ்யூக்களை எல்லாம் யாரோ எடுத்துவிடுகிறார்களே?

உண்மைதான், லேபிள் போட்டதுமே நாலு பேர் 'எனக்குத் தாருங்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் எடுத்தவர்களில் பலர் முடிப்பதில்லை. பல வாரங்களாக அசைவே இல்லாத இஷ்யூவில், 'இன்னும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா, நான் தொடரலாமா' என்று மரியாதையாகக் கேளுங்கள். ரஸ்ட்டில் ரஸ்ட்பாட் என்ற பாட்டிடம் 'கிளெய்ம்' என்று சொன்னால் இஷ்யூ உங்கள் பெயருக்கு வரும், முடியாது என்றால் விட்டுவிடவும் தயங்க வேண்டாம்.

இதைவிட நல்ல வழி, லேபிளே இல்லாத பிழை அறிக்கைகளில் வேலை செய்வது. அங்கே போட்டியே கிடையாது. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

நிரலே திருத்தாமல் பங்களிக்க முடியுமா?

முடியும். அதுவும் கம்பைலர் ஆட்கள் மனதார நன்றி சொல்லும் பங்களிப்பு: பிழையைச் சுருக்கித் தருவது.

ஒருவர் தன் திட்டத்தின் மூவாயிரம் வரிக் கோப்பைப் போட்டு 'இதைக் கம்பைல் செய்தால் கம்பைலர் கிராஷ் ஆகிறது' என்று அறிக்கை எழுதியிருப்பார். அந்த மூவாயிரம் வரிகளில் பிழைக்குக் காரணமானவை எட்டோ பத்தோ இருக்கும். வைக்கோற்போரில் ஊசி தேடுகிற வேலை என்பதால் யாரும் அதைத் தொடாமல் வைத்திருப்பார்கள். நீங்கள் அதை எட்டு வரிக்குக் கொண்டுவந்தால், பலமுறை அந்த எட்டு வரியைப் பார்த்ததுமே அந்தப் பகுதி தெரிந்தவருக்குக் காரணம் புரிந்துவிடும்.

கையால் சுருக்கும் முறை எளிது. பாதியை நீக்குங்கள். பிழை இன்னும் வருகிறதா? வந்தால் மீதியில் பாதியை நீக்குங்கள், வரவில்லை என்றால் திரும்பப் போட்டுவிட்டு மறுபாதியை நீக்குங்கள். இதைத் தானாகச் செய்யும் கருவிகளும் உண்டு. சி, சி++ நிரல்களுக்கு யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான சி-ரெட்யூஸ், எல்எல்விஎம் ஐஆருக்கு எல்எல்விஎம்-ரெட்யூஸ். இரண்டுக்கும் நீங்கள் தர வேண்டியது மூலக்கோப்பும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டும்தான். 'நான் தேடும் பிழை இந்தக் கோப்பில் இன்னும் இருக்கிறதா' என்ற ஒரே கேள்விக்கு அந்த ஸ்கிரிப்ட் பதில் சொல்ல வேண்டும்.

ஸ்கிரிப்ட்டைக் கவனமாக எழுதுங்கள். 'கம்பைலர் தோல்வியடைந்தால் போதும்' என்று எழுதினால், கருவி கோப்பைச் சிதைத்து வெறும் அரைப்புள்ளிப் பிழையில் கொண்டுவந்து நிறுத்திவிடும். கிராஷ் செய்தியில் வரும் அசெர்ஷன் வாசகத்தையே தேடச் சொல்ல வேண்டும்.

அடுத்த படி, பிழை எந்த கமிட்டில் நுழைந்தது என்று கண்டுபிடிப்பது. கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் என்ற இணையக் கருவியில் பல பதிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எந்தப் பதிப்பில் கெட்டது என்று ஒரு பில்ட் கூடப் போடாமல் தெரிந்துவிடும். அதன் பிறகு, கமிட்டுகளைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் கிட் பைசெக்ட். ஆயிரம் கமிட் இடைவெளி என்றாலும் சுமார் பத்து பில்டில் குற்றவாளி கமிட் கிடைத்துவிடும். ரஸ்ட்டில் இதற்கென்றே கார்கோ-பைசெக்ட்-ரஸ்ட்சி இருக்கிறது, தினசரி வெளியீடுகளைப் பதிவிறக்கி அதுவே தேடிவிடும்.

நான் கண்டது கம்பைலர் பிழைதான் என்று எப்படி உறுதி செய்வது?

கம்பைலர் கிராஷ் ஆனால் சந்தேகமே வேண்டாம், அது கம்பைலர் பிழை. உள்ளே கொடுத்த நிரல் எவ்வளவு தப்பாக இருந்தாலும் கம்பைலர் விழக்கூடாது.

ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஒரு விடை, ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் நிலையைப் போட்டால் வேறு விடை என்றால்தான் யோசிக்க வேண்டும். சி மொழியில் 'அ' என்ற இன்ட் மாறியை வாங்கி, 'அ + 1 > அ' என்பதைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் ஒன்றை எழுதுங்கள். 32 பிட் இன்ட்டின் உச்ச மதிப்பான 2147483647ஐக் கொடுத்தால், ஒன்றைக் கூட்டும்போது மதிப்பு சுற்றி எதிர்மறைக்குப் போய் 'பொய்' என்று வரும் என எதிர்பார்ப்போம். ஓ2இல் ஜிசிசியும் கிளாங்கும் கணக்கே போடாமல் 'உண்மை' என்று தந்துவிடும். இது பிழை அல்ல. குறியுள்ள முழு எண் வரம்பு மீறினால் என்ன நடக்க வேண்டும் என்று சி மொழி வரையறுக்கவில்லை. ஆகவே வரம்பு மீறாது என்று நம்பி முடிவெடுக்கக் கம்பைலருக்கு உரிமை இருக்கிறது.

அதனால் அறிக்கை எழுதும் முன் இரண்டு விஷயங்களைச் செய்யுங்கள். வரையறுக்கப்படாத நடத்தையைக் கண்டுபிடிக்கும் யூபிசான் சானிடைசரோடு கம்பைல் செய்து ஓட்டிப் பாருங்கள். அப்புறம், வரம்பு மீறினால் மதிப்பு சுற்றி வரும் என்று கொள்ளும் ராப்வி, வேறு வேறு டைப் பாயின்டர்களும் ஒரே நினைவிடத்தைச் சுட்டலாம் என்று கொள்ளும் நோ-ஸ்ட்ரிக்ட்-அலையஸிங் ஆகிய இரு விருப்பங்களைப் போட்டுப் பாருங்கள். அவற்றைப் போட்டதும் விடை சரியானால், பெரும்பாலும் தப்பு உங்கள் நிரலில்தான்.

இதற்காகக் கம்பைலர்கள் தப்பே செய்யாது என்று நினைக்க வேண்டாம். வரையறுக்கப்படாத நடத்தை இல்லாத சி நிரல்களைத் தற்போக்காக உருவாக்கும் சிஸ்மித் என்ற கருவியை யூட்டா பல்கலைக்கழகத்தினர் உருவாக்கினார்கள். கம்பைலர்களில் அதுவரை தெரியாத 325க்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டுபிடித்ததாக 2011இல் வெளியிட்டார்கள்.

டெஸ்ட் எப்படி எழுதுவது?

டெஸ்ட் இல்லாத பேட்ச்சை எந்தக் கம்பைலர் திட்டமும் எளிதில் ஏற்காது. நல்லவேளையாக, இங்கே டெஸ்ட் என்பது பெரும்பாலும் ஒரு சின்ன நிரலும் அதற்கு எதிர்பார்க்கும் விடையும்தான். சுருக்கி வைத்த எட்டு வரி இங்கே அப்படியே பயன்படும்.

பிழைச்செய்தி டெஸ்ட்டுகளில் எதிர்பார்ப்பைக் கமென்ட்டாகவே எழுதுகிறார்கள். கிளாங்கில் பிழை வர வேண்டிய வரிக்குப் பக்கத்தில் 'எக்ஸ்பெக்டெட்-எரர்' என்று போட்டு செய்தியையும் எழுத வேண்டும். ஜிசிசியில் அதே இடத்தில் 'டிஜி-எரர்' வரும். ரஸ்ட்டில் கமென்ட் குறிக்குப் பின் ஒரு அலைக்குறியும் 'எரர்' என்ற சொல்லும் வரும், அதோடு முழுச் செய்தியும் தனி எஸ்டிடிஎர்ர் கோப்பில் சேமிக்கப்படும். செய்தியை மாற்றினால் அந்தக் கோப்புகளைக் கையால் திருத்த வேண்டாம், டெஸ்ட் கட்டளையோடு 'பிளெஸ்' சேர்த்தால் புதுப்பித்துவிடும். புதுப்பித்த ஒவ்வொரு கோப்பின் வித்தியாசத்தையும் கட்டாயம் கண்ணால் படியுங்கள். தப்பான விடையையும் அது ஆசீர்வதித்துவிடும்.

ஐஆர் டெஸ்ட்டுகளில் முதல் வரியில் 'ரன்' என்று தொடங்கும் கமென்ட் இருக்கும், எந்தக் கட்டளையை ஓட்ட வேண்டும் என்பது அதில் வரும். கீழே 'செக்' வரிகள். கட்டளையின் வெளியீட்டில் அந்த வரிகள் அதே வரிசையில் இருக்கின்றனவா என்று ஃபைல்செக் பார்க்கும். எல்எல்விஎம்மில் செக் வரிகளைத் தானாக எழுதித் தரும் ஸ்கிரிப்ட்டுகளும் உண்டு.

ஒரு நல்ல பழக்கம்: முதலில் டெஸ்ட்டை மட்டும், பழைய விடையோடு ஒரு கமிட்டாகப் போடுங்கள். அடுத்த கமிட்டில் திருத்தத்தைப் போடுங்கள். திருத்தம் எதை மாற்றியது என்பது செக் வரிகளின் வித்தியாசத்தில் பளிச்சென்று தெரியும். எல்எல்விஎம் ஆப்டிமைசேஷன் வேலைகளில் ரிவ்யூவர்கள் இதைக் கேட்டே வாங்குவார்கள்.

புதிதாக ஓர் ஆப்டிமைசேஷன் சேர்க்க ஆசை. சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் முதல் வேலையாக வேண்டாம். ஏன் என்று ஓர் உதாரணத்தில் பாருங்கள். ஒரு எண்ணை 8ஆல் பெருக்குவதை 3 பிட் இடப்புறம் நகர்த்துவதாக மாற்றலாம். அப்படியானால் 8ஆல் வகுப்பதை 3 பிட் வலப்புறம் நகர்த்துவதாக மாற்றலாமா? குறியில்லாத எண் என்றால் மாற்றலாம். குறியுள்ள எண் என்றால் இடிக்கும். சியில் -1 ஐ 8ஆல் வகுத்தால் 0. குறி பிட்டைக் காப்பாற்றும் நகர்த்தலில் -1 ஐ வலப்புறம் நகர்த்தினால் -1 தான் வரும். அதனால்தான் உண்மையான கம்பைலர்கள் எதிர்மறை எண்ணுக்கு முதலில் 7ஐக் கூட்டிவிட்டு அப்புறம் நகர்த்துகின்றன. ஒரு சின்ன மாற்றத்துக்கே இவ்வளவு கவனம் தேவை.

இப்படிப்பட்ட மாற்றங்களைச் சரிபார்க்க அலைவ்2 என்ற கருவி இருக்கிறது. முன்வடிவம், பின்வடிவம் இரண்டையும் ஐஆரில் கொடுத்தால், மாற்றம் சரியா என்று நிரூபிக்க முயலும், தப்பென்றால் எந்த உள்ளீட்டில் உடைகிறது என்று காட்டும். எல்எல்விஎம்மில் இப்படிச் சின்னச் சின்னக் கட்டளைகளை எளிமையாக்கும் இன்ஸ்ட்கம்பைன் பகுதிக்கு பேட்ச் அனுப்பினால் இந்த நிரூபணத்தைக் கையோடு இணைக்கச் சொல்வார்கள்.

மாற்றம் சரி என்பது மட்டும் போதாது. நிஜ நிரல்களில் அந்த வடிவம் வருகிறதா என்று கேட்பார்கள். ஒவ்வொரு புதிய விதியும் எல்லோருடைய கம்பைல் நேரத்திலும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கிறது, நியாயமான கேள்விதான்.

பேட்ச்சை எப்படி அனுப்புவது?

திட்டத்துக்குத் திட்டம் வழி மாறும். எல்எல்விஎம் 2023 முதல் கிட்ஹப் புல் ரிக்வெஸ்ட் வழியாகத்தான் வாங்குகிறது, அதற்கு முன் ஃபாப்ரிகேட்டர் என்ற ரிவ்யூ தளம் இருந்தது. பழைய பதிவுகளில் அந்தப் பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். ரஸ்ட்டும் கிட்ஹப்தான், ரிவ்யூவரை ரஸ்ட்பாட் நியமித்துவிடும். ஒப்புதல் கிடைத்ததும் பார்ஸ் என்ற பாட் முழு டெஸ்ட் தொகுப்பையும் ஓட்டி, எல்லாம் தேறினால் மட்டுமே மெர்ஜ் செய்யும். கோ திட்டத்தில் ரிவ்யூ ஜெரிட் என்ற தளத்தில் நடக்கிறது. கிட்ஹப்பில் அனுப்பினாலும் அது ஜெரிட்டுக்குப் போய்விடும். ஜிசிசி இன்றும் பேட்ச்சுகளை மின்னஞ்சலில் வாங்குகிறது, எந்த கணினி வகையில் பூட்ஸ்ட்ராப் செய்து டெஸ்ட் ஓட்டினீர்கள் என்பதையும் எழுத வேண்டும்.

எங்கே அனுப்பினாலும் ஒரு பேட்ச்சில் ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும். கமிட் செய்தியில் என்ன செய்தீர்கள் என்பதோடு ஏன் செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஐந்து வருடம் கழித்து அந்த வரியைப் பார்த்துக் குழம்பும் ஒருவருக்கு அந்த விளக்கம் மட்டும்தான் துணை.

காலத்தையும் கவனியுங்கள். ஜிசிசி வருடத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வெளியிடுகிறது. முதல் கட்டத்தில் புதிய அம்சங்களைச் சேர்க்கலாம், பிறகு பிழைதிருத்தம் மட்டும், கடைசியில் முன்பு சரியாக இருந்து புதிதாகக் கெட்டவற்றின் திருத்தம் மட்டும். ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும் பதிப்பு வெளியிடும் கோ திட்டத்திலும் அதற்கு முன் உறைகாலம் உண்டு. அந்த நேரத்தில் புதிய அம்சத்தோடு போனால் காத்திருக்கத்தான் வேண்டும்.

எதிலாவது கையெழுத்திட வேண்டுமா?

கோவுக்கு கூகுளின் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும். ஜிசிசியில் முன்பு பதிப்புரிமையை எஃப்எஸ்எஃப் (கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை) அமைப்புக்கு எழுதித் தர வேண்டியிருந்தது. 2021இல் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள், இப்போது கமிட்டில், இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்லும் 'சைன்ட்-ஆஃப்-பை' வரி போட்டாலும் போதும். எல்எல்விஎம், ரஸ்ட் இரண்டிலும் தனி ஒப்பந்தம் கிடையாது. வேலையில் இருப்பவர் என்றால், ஓய்வு நேரத்தில் எழுதும் நிரல் யாருக்குச் சொந்தம் என்று உங்கள் பணி ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ரிவ்யூவில் பதிலே வரவில்லை. என்ன செய்வது?

பேட்ச் மோசம் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். கம்பைலரின் ஒவ்வொரு பகுதியையும் ஆழமாக அறிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்கள் மேசையில் நூறு பேட்ச் காத்திருக்கும். ஒரு வாரம் போனதும் 'பிங்' என்று ஒரு வரி எழுதுங்கள். எல்எல்விஎம்மிலும் ஜிசிசியிலும் அது வழக்கமான நடைமுறை, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்கும் பதில் இல்லை என்றால், நீங்கள் மாற்றிய வரிகளைச் சமீபத்தில் யார் தொட்டார் என்று கிட் பிளேமில் பார்த்து, அவரை ரிவ்யூவராகச் சேர்க்கலாம்.

பதில் வந்தால் சுருக்கமாக, சில சமயம் வெட்டென்று இருக்கும். 'இந்த உள்ளீட்டுக்கு என்ன ஆகும்' என்று ஒற்றை வரியில் கேட்பார்கள். அது உங்கள் மேல் வைத்த குறை அல்ல, அந்த உள்ளீட்டுக்கு உண்மையிலேயே என்ன ஆகும் என்றுதான் கேட்கிறார்கள். அந்த உள்ளீட்டை ஒரு டெஸ்ட்டாக எழுதிப் பதில் சொல்வதுதான் நல்ல பதில். ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்குபவர்களுக்கும் இதையே சொல்வேன்: எட்டு வரி நிரலும் அதன் வெளியீடும் பத்தி பத்தியான விளக்கத்தைவிடத் தெளிவாகப் பேசும்.

ஏஐ கருவிகளை வைத்து பேட்ச் எழுதலாமா?

முதலில் அந்தத் திட்டத்தின் விதியைப் படியுங்கள், இடத்துக்கு இடம் மாறுகிறது. புரியாத நிரலைப் புரிந்துகொள்ள அவை உதவும். ஆனால் ரிவ்யூவர் 'இந்த வரி ஏன்' என்று கேட்டால் உங்கள் சொந்தச் சொற்களில் பதில் சொல்ல முடியாத எதையும் அனுப்பாதீர்கள். ரிவ்யூவரின் நேரம்தான் இந்தத் திட்டங்களில் எல்லாவற்றையும் விட அரிதான பொருள். எழுதியவருக்கே புரியாத பேட்ச்சைப் படிக்க அதைச் செலவழிக்க வைப்பது அநியாயம்.

இதற்குக் காசு கிடைக்குமா?

தொடக்கத்தில் எதிர்பார்க்க வேண்டாம். 2005இலிருந்து நடக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் உதவித்தொகை தருகிறது, எல்எல்விஎம்மும் ஜிசிசியும் அதில் பலமுறை பங்கேற்றிருக்கின்றன. விண்ணப்பிக்கும் முன்பே சில பேட்ச்சுகள் மெர்ஜ் ஆகியிருந்தால் வாய்ப்பு கூடும். நீண்ட காலத்தில், புராசசர் நிறுவனங்களும் பெரிய மென்பொருள் நிறுவனங்களும் கம்பைலர் வேலைக்கு ஆட்களைத் தேடும்போது இந்தத் திட்டங்களில் உள்ள பங்களிப்பைப் பார்க்கிறார்கள்.

மெர்ஜ் ஆகிவிட்டது. இனி?

எல்எல்விஎம்மில் கமிட் அனுமதி இல்லாதவரை, ஒப்புதல் தந்தவரிடமே மெர்ஜ் செய்யச் சொல்லிக் கேளுங்கள், கேட்காவிட்டால் அவருக்குத் தெரியாது. மெர்ஜ் ஆன சில மணி நேரம் மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டிருங்கள். விதவிதமான புராசசர்களிலும் இயங்குதளங்களிலும், தானாக பில்ட் செய்து டெஸ்ட் ஓட்டும் பில்ட்பாட்டுகள் ஓடுகின்றன, உங்கள் கணினியில் தேறிய டெஸ்ட் அவற்றில் ஒன்றில் விழுந்தால் கடிதம் வரும். உடனே சரிசெய்ய முடிந்தால் சரிசெய்யுங்கள். முடியாவிட்டால் அல்லது நீங்கள் தூக்கத்தில் இருந்தால், வேறு யாராவது உங்கள் கமிட்டை ரிவர்ட் செய்துவிடுவார்கள். எல்எல்விஎம்மில் இது அன்றாட நடைமுறை, பல வருட அனுபவம் உள்ளவர்களின் கமிட்டுகளுக்கும் இதே கதிதான். தோல்வியடைந்த பில்ட்பாட்டின் பதிவைத் திறந்து, எந்த டெஸ்ட் எந்தக் கட்டளையில் விழுந்தது என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும்: அந்தக் கணினியில் பாயின்டர் 32 பிட்டாக இருக்கலாம், கோப்புப் பாதையில் சாய்கோடு திரும்பியிருக்கலாம், உங்கள் டெஸ்ட் கேட்கும் புராசசர் பகுதி அந்த பில்டில் இல்லாமல் இருக்கலாம். சரிசெய்து, என்ன மாறியது என்று கமிட் செய்தியில் ஒரு வரி சேர்த்து, மறுபடி அனுப்புங்கள்.